தோணிக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதற்காக வந்த தடை இது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, இற்றுப்போன பலகையை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துக் கோத்து மறுபடி இறக்குகிற காலம் இதுதான். சரக்குத் தோணிகளுக்கும் இப்படி ஒரு பருவம் இருக்கிறது. மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகிற தோணிகள், தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி வீசும் மாதங்களில் ஒதுங்கி நிற்கும். அப்போது பலகை இடுக்கில் இருக்கும் பழைய திரியை நோண்டி எடுத்துவிட்டு, புதுப் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கிப் பசை பூசுவார்கள். கலப்பற்று என்று இதற்குப் பெயர். ‘தண்ணீர் உள்ளே வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் தோணிக்காரரை இந்தக் கரையில் தேடினாலும் கிடைக்க மாட்டார். அதே ஊரில், அதே உப்புக்காற்றில் நிற்கிற வீட்டை மட்டும் நாம் தலைகீழாக நடத்துகிறோம். கட்டிக் குடிபோன நாளிலிருந்து பதினைந்து இருபது வருடம் திரும்பிப் பார்ப்பதில்லை. மகள் கல்யாணம் வந்ததும் கடன் வாங்கி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் உடைத்துப் புதுசாக்குகிறோம்.

வீட்டைச் சீர்படுத்துவதில் ஆளுக்கொரு போக்கு இருக்கிறது. வருடம் தவறாமல் மட்டப்பாவில் ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தில் ஒரு சட்டி கலவை போட்டுவிட்டு இறங்குகிறவர் உண்டு. பத்து வருடம் பணம் சேர்த்து மொத்தமாகச் செய்கிறவர் உண்டு. வாஸ்து பார்த்துக் கழிவறையை இடம் மாற்றுவதற்காகவே கடப்பாரையை எடுப்பவர் உண்டு. இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டுவதுதான் லாபம் என்று கணக்குப் போடுகிறவரும், வாடகைக்கு விட்டதோடு மறந்துவிடுகிறவரும் உண்டு. அவரவர் வீடு, அவரவர் பணம் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் போலத்தான் தோன்றும். ஆனால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு நகரத்தில் இந்தப் போக்குகளெல்லாம் சமமானவை அல்ல. வருடத்துக்கு ஒரு சட்டி கலவையோடு ஏறுகிறவர்தான் சரி. மற்றவர்கள் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி உப்புக்குத்தான் போகிறது. அவர்கள் விவரமில்லாமல் இப்படிச் செய்வதாகவும் சொல்லிவிட முடியாது. நம் வருமானத்தின் ஓட்டம், வரிச்சட்டம், வங்கி, ஒப்பந்தக்காரர், அரசுத் திட்டம் என எல்லாமே அவர்களை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கின்றன.

முதலில் உப்பின் வேலையைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பு கசியும் என்பதை உப்பளம் சூழ்ந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். காற்று காய்ந்தால் மறுபடி பளிங்காக இறுகும். சுவருக்குள் புகுந்த உப்பும் இதைத்தான் செய்கிறது. இரவில் கரைகிறது, பகலில் இறுகுகிறது. இறுகும்போது செங்கல்லின் நுண்துளைகளை நெட்டித் தள்ளுகிறது. பழைய வீட்டுச் சுவரின் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பாருங்கள். முதலில் பெயிண்ட் கொப்பளிக்கும். விரலால் தொட்டால் அப்பளம்போல உடைந்து விழும். உள்ளே வெள்ளைப் பூவாக உப்பு பூத்திருக்கும். அதற்கும் உள்ளே பூச்சு மாவாகி, துடைப்பம் பட்டாலே கொட்டும். ஓதம் ஏறுகிறது என்று சொல்கிறோமே, அது இதுதான். இதை முதலில் பார்ப்பவர் அடுக்களையில் நிற்கும் பெண். ஆனால், வீட்டு வேலைக்குப் பணம் ஒதுக்கப்படும்போது அது வாசல் முகப்புக்குத்தான் முதலில் போகிறது. அடுக்களைச் சுவரும் அங்கணமும் கடைசியில் மிச்சம் மீதி இருந்தால்தான்.

ஓதம் ஏறிய சுவருக்கு நாம் செய்யும் வைத்தியம் நோயைவிட மோசம். பழைய பூச்சைக் கொத்திவிட்டுக் கெட்டியான சிமெண்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பளபளக்கும் எமல்ஷன். இன்னும் வசதி இருந்தால் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுப் போகிறது. அது சும்மா இருக்குமா? டைல்ஸுக்கு மேலே ஏறி, ஐந்தாவது அடியில் புதிதாகப் பூக்கிறது. தூத்துக்குடியின் பழைய தெருக்களில் இன்னும் நிற்கிற சுண்ணாம்புக் காரை வீடுகளில் இந்தக் கேடு கூடுதலாகத் தெரியும். சுண்ணாம்பு மூச்சு விடுகிற பூச்சு. ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். உப்பின் நெட்டலில் தானே உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசினால் போதும். அந்தப் பூச்சுக்கு வருடாவருடம் வெள்ளையடிக்கும் பழக்கம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. பொங்கலுக்கோ பனிமய மாதா திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு கை சுண்ணாம்பு அடித்தபோது, முந்தைய வருடம் விழுந்த மயிரிழை வெடிப்புகளெல்லாம் மூடிக்கொண்டன. பத்து வருடம் நிறம் மங்காது என்று விளம்பரம் செய்யும் பெயிண்ட் வந்ததும் அந்த வருடாந்தரப் பார்வை ஒழிந்தது. நிறம் மங்கவில்லை, உண்மைதான். அதற்குப் பின்னால் இருக்கும் சுவரை யாரும் பார்ப்பதில்லை.

கான்கிரீட் வீட்டில் உப்பு இன்னும் ஆழமாகப் போகிறது. கம்பி துருப்பிடித்தால் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்குதலில்தான் கூரையின் அடிப்பக்கம் வெடித்துப் பொரிந்து, ஒருநாள் கட்டிலின் மேல் விழுகிறது. கழிவறைக் கூரையும் சன்ஷேடும் முதல் பலி. நீராவியும் உப்புக்காற்றும் அங்கேதான் சேர்கின்றன. இதைத் தடுப்பது கம்பிக்குக் கீழே மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம். கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 ‘கடுமையான சூழல்’ என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கனம் மூடியிருக்க வேண்டும், கலவை எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது, சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்கிறது. உப்புக்காற்று நேராகப் படாத, மறைவான பகுதிக்கே 30 மில்லிமீட்டரும் எம்-25 தரமும் கேட்கிறது. நம் வீட்டுத் தளங்களுக்கு வைக்கும் கவர் பிளாக் வழக்கமாக 20 மில்லிமீட்டர். அதையும் வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்துக் கான்கிரீட் போடும் இடங்களுக்குக் குறைவில்லை. தண்ணீரின் கதையும் இப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. நிலத்தடி நீர் உவர்த்துப்போய், குடிக்க வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஊரில், கலவைக்கும் நீராட்டவும் போர்த் தண்ணீரை ஊற்றினால் உப்பு வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், 45 மில்லிமீட்டர் கனம் கண்ணுக்குத் தெரியாது. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர் யாரும் அதைப் பார்த்துவிட்டு ‘கவர் நன்றாக வைத்திருக்கிறீர்கள்’ என்று சொல்லப்போவதில்லை. எலிவேஷன் டைல்ஸையும் தேக்கு நிலைக்கதவையும் ஃபால்ஸ் சீலிங்கையும்தான் பார்ப்பார்கள். அதிலும் ஃபால்ஸ் சீலிங் இந்தக் கரைக்கு வந்த விபரீதம். கூரை பொரிவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒரே இடத்தை ஜிப்சம் பலகையால் மூடி, அதற்குள் விளக்கும் போட்டு வைக்கிறோம். தோணியின் அடிப்பலகைக்கு மெத்தை தைப்பதைப் போன்ற வேலை.

சிறுகச் சிறுகச் செய்வது நல்லது என்று மாதச் சம்பளக்காரர் சொல்லலாம், இங்கே எத்தனை பேருக்கு மாதச் சம்பளம் என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. முத்துக்குளித்தல் நடந்த காலத்திலிருந்தே இந்தக் கரையின் பணம் மொத்தமாக வந்து மொத்தமாகப் போகிற பணம். அரசு அறிவிக்கும் வருடத்தில் சில வாரம் மட்டும் நடந்த தொழில் அது. கடைசியாக 1961-இல் நடந்தது. இன்றைக்கும் உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. அதற்காகத்தான் அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. விசைப்படகில் போகிறவருக்கு இரண்டு மாதம் வருமானம் கிடையாது. கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் பணம், ஒப்பந்தம் முடிந்து ஊர் வரும்போது கட்டாக வருகிறது. விடுப்பு தீர்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இப்படிப்பட்டவர் வருடத்துக்குப் பத்தாயிரம் என்று ஒதுக்கிக்கொண்டிருப்பது எளிதல்லதான். இருந்தாலும், இதே மனிதர்கள்தான் தோணிக்கும் படகுக்கும் வருடந்தோறும் ஒதுக்குகிறார்கள். கடன் வாங்கியாவது ஒதுக்குகிறார்கள். படகு பழுதானால் பிழைப்பு நிற்கும் என்பது மறுநாளே தெரிந்துவிடுகிறது. வீடு பழுதாவது தெரிய இருபது வருடம் ஆகிறது. ஆக, சிக்கல் வருமானத்தின் அளவில் மட்டும் இல்லை. சேதம் கண்ணில் படும் வேகத்திலும் இருக்கிறது.

அந்த வேகக் குறைவைச் சட்டமாவது ஈடுகட்டியிருக்கலாம். வருமான வரிச் சட்டம் நேர் எதிராகப் போகிறது. பழைய வரி முறையில், குடியிருக்கும் சொந்த வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடனின் வட்டிக்கு வருடம் 2 லட்சம் ரூபாய்வரை கழிவு உண்டு. பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் எடுத்த கடன் என்றால் 30,000 ரூபாய்தான். அசலுக்குக் கிடைக்கும் சலுகையும் வாங்குவதற்கும் கட்டுவதற்கும்தான். பழுது பார்த்தலுக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டவருக்கோ வேறு கதை. வாடகை வருமானத்தில் 30 சதவீதம் தானாகவே கழிந்துவிடும். பராமரிப்பு முதலிய செலவுகளுக்கான கழிவு என்பது அதன் பொருள். பராமரித்ததற்கு ரசீது எதுவும் கேட்பதில்லை. ஒரு சட்டி கலவைகூடப் போடாதவருக்கும் அதே 30 சதவீதம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தபோது, கட்டமைப்புப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்று பிரித்து எழுதிவைத்தது. நல்ல பிரிவினைதான். ஆனால், பராமரிக்காதவருக்கும் வரிக்கழிவு தருகிற நாட்டில், வளவு வீட்டின் ஐந்தாவது குடித்தனத்துக்காரர் கூரை பொரிகிறது என்று சொன்னால் ‘வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பதில் வருவதில் ஆச்சரியமில்லை.

புதிதாகக் கட்டுவதற்கு அனுமதியும் சுலபமாகிவிட்டது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரை கட்டப்படும் வீட்டுக்குச் சுயசான்று கொடுத்தாலே போதும். அலுவலகங்களுக்கு நடையாய் நடந்த நடுத்தர மக்களுக்கு இது பெரிய விடுதலை. குறை சொல்ல மனம் வராது. ஆனால், கம்பிக்குக் கீழே என்ன கனம் வைத்தார்கள் என்று கேட்க ஆளில்லாத நிலை இதனால் மாறவில்லை. கடலோர ஊர்களுக்காவது கான்கிரீட் போடும் முன் எடுத்த கம்பி, கவர் பிளாக் படங்களைச் சுயசான்றோடு சேர்க்கச் சொல்லலாம். கைப்பேசி இல்லாத மேஸ்திரி இப்போது யார்?

இனி வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். பழைய வீட்டுக்குத் தொட்டுத்தொட்டுச் செலவு செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. இடித்துக் கட்டுவதே நிம்மதி என்பது அது. கூரைக் கம்பி பாதி தின்றுபோன வீட்டுக்கு இந்த வாதம் முழுக்கச் சரி. அரசே இதை அனுபவத்தில் கண்டிருக்கிறது. அரசுத் திட்டங்களில் 2000-01-க்கு முன் கட்டிய ஊரக வீடுகளில் இரண்டரை லட்சத்தை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்ப்பதாக 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. அடுத்த வருடமே, பழுது பார்க்க இயலாத நிலைக்குப் போன வீடுகளில் 25,000-ஐ 600 கோடி ரூபாயில் மறுபடி கட்டித்தருவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. வகுத்துப் பாருங்கள்: பழுது பார்க்க வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய், மறுபடி கட்ட 2,40,000 ரூபாய். இருபத்தைந்து வருடம் எட்டிப் பார்க்காததற்கு மூன்று மடங்கு அபராதம் என்று இதைச் சொல்லலாம். நெதர்லாந்துப் பொறியாளர் டி சிட்டர் 1984-இல் கான்கிரீட்டுக்கு ஒரு கணக்குச் சொன்னார். கட்டும்போது ஒழுங்காகச் செய்ய ஒரு ரூபாய் ஆகும் என்றால், அதைத் தவறவிட்டுக் கேடு வருமுன் தடுக்க ஐந்து, வந்தபின் பழுது பார்க்க இருபத்தைந்து, முற்றியபின் மாற்றிக் கட்ட நூற்றிருபத்தைந்து ரூபாய். எல்லா வீட்டுக்கும் இது அச்சாகப் பொருந்தாது. செலவு ஏறும் திசையைக் காட்டும் கணக்கு இது. கடலுக்குக் கீழே கிடந்த நிலத்தை மீட்டு வாழ்கிற நாட்டுக்காரர் சொன்னது. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டதும் அந்த டச்சுக்காரர்கள்தான். கணக்கை மட்டும் இங்கே விட்டுப்போக மறந்துவிட்டார்கள்.

இடித்துக் கட்டுவதன் விலையை வீட்டுக்காரர் மட்டும் கொடுப்பதில்லை என்பதையும் இந்த ஊர் ஒருமுறை பார்த்துவிட்டது. தூத்துக்குடிக் கரையில் பல தலைமுறைகள் வீடு கட்டக் கல் கடலிலிருந்து வந்தது. பவளப்பாறையை வெட்டிச் சுவர் வைத்தார்கள்; காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும், 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகும் வெட்டுவது சில வருடம் தொடர்ந்தது. அலையை முறித்த பாறை போனதும் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கின. ஊருக்கு எதிரே நிற்கும் வான் தீவு தேய்ந்து தேய்ந்து இரண்டாகப் பிளக்கும் நிலைக்கு வர, செயற்கைப் பாறைகளை இறக்கி அதைத் தாங்க வேண்டியதாயிற்று. ஆகவே, பழைய சுண்ணாம்பு வீட்டைப் புகழ்கிற யாரும் இனி எல்லாரும் அப்படியே கட்டலாம் என்று சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. கடல் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட அந்தச் சுவர்களை இடித்துக் குப்பையில் கொட்டுவது இரண்டாம் முறை விலை கேட்பதாகும். புதிதாகக் கட்டுகிறவருக்கு வேறு நல்ல வழி உள்ளூரிலேயே இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட், சாதாரண சிமெண்டைவிட உப்பு உள்ளே புகுவதை நன்றாகத் தடுக்கும். ஆனால், அது மெதுவாக இறுகுவது. குறைந்தது பத்து நாள் நீராட்ட வேண்டும். மூன்றாம் நாளே சென்ட்ரிங்கைப் பிரிக்கத் துடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் இந்தப் பத்து நாளுக்காகச் சண்டை போட்டால் அது லாபமான சண்டை.

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு இன்னொரு போக்கு வேகமெடுத்திருக்கிறது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வருடம் முழுவதற்கும் சுமார் 65 சென்டிமீட்டர் பெறுகிற மாவட்டம் இது. தூத்துக்குடி நகரத்தின் தாழ்வான குடியிருப்புகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்ததும் வசதியுள்ளவர்கள் தரையை உயர்த்தினார்கள், வாசலில் தடுப்புச் சுவர் வைத்தார்கள், ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது பற்றி விசாரித்தார்கள். பாம்பும் சாக்கடையும் கட்டிலுக்கு அடியில் வந்தபின் தத்துவம் பேச முடியாது; உயர்த்துகிறவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. என்றாலும், தெருவில் ஒருவர் மூன்றடி உயர்ந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாது. உயர்த்த முடியாத பக்கத்து வீட்டுக்குப் போகும். அவரும் கடன் வாங்கி உயர்த்துவார். கடைசியில் தெருவில் மிகவும் இல்லாதவரின் வீடு குளமாகும். இந்தப் போட்டியைத் தொடங்கிவைத்தது வீட்டுக்காரரும் அல்ல. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மேலேயே தார் போட்டுச் சாலையை வீட்டுக்கு மேலே ஏற்றிய வழக்கம். மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவைத் தெருவில் நின்று நிறைவேற்றச் செய்வது, தரையை மூன்றடி உயர்த்துவதைவிட மலிவான வீட்டு மராமத்து. சாலை போட வரும் அன்று வாசல்படிக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து எழுதிவைப்பது அதன் முதல் வேலை.

சேர்ந்து வாழ்கிற கட்டடங்களில் இந்தத் தள்ளிப்போடும் குணம் உயிருக்கே உலையாகலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் சர்ஃப்சைடு என்ற ஊரில் 2021 ஜூன் 24 அதிகாலை 12 மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 98 பேர் இறந்தார்கள். 1981-இல் கட்டியது. வடிவமைப்பிலேயே பலவீனம் இருந்தது. கான்கிரீட் சிதைவதை 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுத்தில் கொடுத்திருந்தது. கோடிக்கணக்கான டாலர் மராமத்துச் செலவை யார் யார் எவ்வளவு கொடுப்பது என்ற வாக்குவாதத்தில் வருடங்கள் போயின. பணம் வசூலிக்க முடிவு செய்து, முதல் தவணை தொடங்கச் சில நாள்களே இருந்தபோது கட்டடம் விழுந்தது. அங்கே பணம் இல்லாமல் இல்லை, அறிக்கை இல்லாமல் இல்லை. தூத்துக்குடியில் இப்போதுதான் அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கியிருக்கின்றன. லிஃப்ட்டுக்கும் காவலாளிக்கும் மாதச் சந்தா பிரிக்கும் சங்கங்கள், கூரைக்கும் தூண்களுக்கும் தனியே ஒரு கணக்கை இன்றே தொடங்கினால் நல்லது. இருபது வருடம் கழித்துத் தொடங்கும் கணக்கில் சண்டை மட்டும்தான் சேரும்.

கடைசியாக ஒரு நடைமுறைத் தடை. சின்ன வேலைக்கு யார் வருகிறார்கள்? ஒரு சன்ஷேடு பொரிந்துவிட்டது என்று கூப்பிட்டால் கொத்தனார் வருகிறேன் என்பார், வர மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது; அரைநாள் வேலைக்குச் சித்தாளையும் சாரத்தையும் கொண்டுவந்தால் கட்டாது. சதுர அடிக் கணக்கில் பெரிய வேலை பேசுகிறவருக்குத்தான் முதல் மரியாதை. இதற்குத் தனிவீட்டுக்காரரிடம் விடை இல்லை, தெருவிடம் இருக்கிறது. கரையேற்றிய படகுகளுக்கு ஓடாவியை, அதாவது படகுத் தச்சரை, தனித்தனியாகத் தேடி யாரும் அலைவதில்லை. படகுகள் ஓரிடத்தில் நிற்பதால் ஆள்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். பத்து வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் வேலை வைத்தால் ஒரு கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் பத்து நாள் வேலை. சாரம் ஒன்று, மணல் லோடு ஒன்று. கோயில் வரிக்கும் திருவிழா வரிக்கும் வீடு வீடாக ஏறி இறங்கத் தெரிந்த தெருக்களுக்கு இது ஆகாத காரியமா?

செய்ய வேண்டியதும் அதிகமில்லை. மட்டப்பாவில் ஏறி, மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுப்பது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. கம்பித்துண்டு ஒன்றால் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போவது: கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிட்டது. பொத்தென்ற இடத்தை இந்த வருடமே உடைத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால் மூடினால் ஒரு கை அகல வேலை. ஐந்து வருடம் விட்டால் அறை அகல வேலை. ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்ததும் புதுப் பெயிண்ட் மணக்கும் படகுகள் கடலுக்குப் போகும். அன்றிலிருந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நடுப்பகுதிவரை, தென்மேற்குப் பருவம் அதிகம் எட்டிப் பார்க்காத இந்த ஊரில் முழுதாக நான்கு மாதம் வெயில் இருக்கிறது.